இடப்பக்கம் எட்டுக் கண்

2004 பிப்ரவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை. என் டைரியில் அந்த நாளுக்கு ஐந்து வரிகள் இருக்கின்றன. காலையில் பால் திரிந்துவிட்டது. தண்ணீர் லாரி பதினொன்றேகாலுக்கு வந்தது. மூன்றாவது வரி இது: "போன்சோ, இடப்பக்கம் எட்டுக் கண் அதிகம். தவறு." தவறு என்ற சொல்லின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். நான்காவது வரி, இரண்டரை மணிக்குப் பிரிக்க ஆரம்பித்தேன் என்பது. ஐந்தாவது, இட்லிப் பானை ஆவியில் நூலை நீவியது.

அந்த மூன்றாவது வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தத் தவறு பின்னியவளுடையது அல்ல, என்னுடையது. அதனால் ஒரு பெண் ஊட்டிக்குப் போகாமல் நின்றுவிட்டாள்.

மாவட்டம் பிரிந்த 1989-ல் வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். டைரி எழுதுவதும் அந்த வருடம் தொடங்கியதுதான். எழுந்த நேரம், சமைத்தது, வந்தவர், போனவர், மழை என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பதுவரை எழுதுவேன். அலுவலகத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். "போன வருஷம் மின்சாரம் போன அன்னிக்கு என்ன கிழமை?" என்றால் மறுநாள் காலை பதில் கொண்டுவந்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

என் மேசைக்கு அடுத்த மேசை டைப்பிஸ்ட்டுடையது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட மூன்று வயது இளையவள். அவளுக்கு நான் அக்கா. எனக்கு அவள் "ஏம்மா". பன்னிரண்டு வருடம் ஒரே ஜன்னலடியில் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறோம். அவளுடைய ரசத்தில் பாதி எனக்கு, என் பொரியலில் பாதி அவளுக்கு.

பின்னல் எங்களுக்கு வந்தது தற்செயலாக. எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் இருக்கிறது. மாடி அறையை ஆசிரமப் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். 2001-ல் ஒரு வெள்ளைக்காரப் பெண் நான்கு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பினாள். கிளம்பும்போது இரண்டு ஜோடி பின்னல் ஊசி, மூன்று கண்டு உல்லன் நூல், ஒரு படப் புத்தகம் ஆகியவற்றை மாடிப்படியில் வைத்து, எனக்குத்தான் என்று கையால் காட்டிவிட்டுப் போனாள்.

"நம்ம ஊரு வெயிலுக்குக் கம்பளி ஒண்ணுதான் பாக்கி" என்றார் என் கணவர்.

புத்தகத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். புதிதாகப் பின்னத் தொடங்குகிறவர்களுக்கான புத்தகம் அது. பார்க்கவே குஷியாக இருக்கும். குஞ்சம் வைத்த மப்ளர், தவளை முகம் போட்ட சின்னப் பர்ஸ், தலையில் கட்டும் பட்டை, கையைவிட நீளமான கையுறை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் குட்டி நூல்கண்டு வரைந்திருந்தது. ஒரு கண்டு என்றால் சுலபம், மூன்று என்றால் கஷ்டம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கண்டிலிருந்து ஆரம்பித்தோம். எழுத்து எழுத்தாகப் படித்து, படத்தைப் பார்த்து, விரலைச் சுளுக்கிக்கொண்டு, தலைப்பட்டை ஒன்றை முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. அவளுக்கு நான்கு நாள்.

ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு சுருக்கையும் நாங்கள் கண் என்று சொல்வோம். நான் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணை எண்ணுவேன். கட்டம் போட்ட நோட்டில் வரிசைக்கு ஒரு கோடு போடுவேன். அவள் எண்ணவே மாட்டாள். பஸ்ஸில் பின்னுவாள். உட்கார இடம் கிடைத்தால் ஊரிலிருந்து இங்கே வருவதற்குள் எட்டு வரிசை, கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஒன்றுமில்லை. அளவு வேண்டுமென்றால் சாண் போட்டுப் பார்ப்பாள்.

என் கை இறுக்கம். அவள் கை தளர்வு. ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கை வைத்துப் பின்னினாலும் என்னுடையது அவளுடையதைவிட இரண்டு விரற்கடை குறுகலாகவே வரும்.

"அக்கா, உங்க மப்ளர்ல தண்ணி ஊத்தி வச்சா ஒரு சொட்டு ஒழுகாது" என்பாள்.

"உன்னுதுல ஏரிக்குப் போய் மீனே பிடிச்சிட்டு வரலாம்."

"பிடிச்சா உங்களுக்குக் கிடையாது. நீங்க சைவம்."

எங்கள் சூப்பிரண்டென்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே போவார். "இந்த செக்‌ஷன்ல ஃபைல் முடியுதோ இல்லியோ, ஸ்வெட்டர் முடிஞ்சிடும்" என்று ஒரு நாள் சொன்னார். அவருக்கு செல்போன் வந்த புதிது. அடுத்த வாரமே அவள் மஞ்சளும் கறுப்புமாக ஒரு செல்போன் பை பின்னி அவர் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. இடுப்பில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு கலெக்டர் மீட்டிங்குக்கே போய்வந்தார்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது போன்சோ. தலை வழியாக மாட்டிக்கொண்டால் தோளிலிருந்து சுற்றிலும் தொங்கும், கை வைக்காத மேலுடை. பார்க்கப் பெரிய வேலை மாதிரி இருக்கும். உண்மையில் நீளமான இரண்டு துண்டுகள்தான். ஒன்று வலது தோளுக்கு, இன்னொன்று இடது தோளுக்கு. நேராகப் பின்னி, தலை நுழைய நடுவில் இடம் விட்டு இரண்டையும் நீள ஓரத்தில் தைத்துவிட்டால் முடிந்தது. துண்டின் அகலம்தான் தோளிலிருந்து பக்கவாட்டில் தொங்கும். 2003-ல் டிவியில் எல்லாப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

டைப்பிஸ்ட்டின் மகள் இங்கே கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் சில நாள் அலுவலகத்துக்கு வந்து அம்மாவோடு பஸ் ஏறுவாள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் அகலமாக விரித்துப் போட்டு, புத்தகப் பையை எப்போதும் இடது தோளில் மாட்டியிருப்பாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொள்வேன். வந்தால் என் மேசையில் இருக்கும் படப் புத்தகத்தைப் புரட்டுவாள். ஒரு நாள் போன்சோ பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இதை எடுத்துடாதீங்க" என்றாள்.

ஜனவரியில், வகுப்பில் எல்லோரும் மூன்று நாள் ஊட்டி டூர் போவதென்று முடிவாயிற்று. கிளம்புவது பிப்ரவரி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

"ஸ்வெட்டர் எடுத்துத் தரேன்னா வேணாங்கிறாக்கா. இந்த போன்சோ இருந்தா போறேன், இல்லன்னா நான் போகலங்கிறா" என்றாள் டைப்பிஸ்ட்.

"அவ்ளோ ஃபேஷனா?" என்று சிரித்தேன்.

"ஆமாக்கா" என்று அவளும் சிரித்துவிட்டு ஊசிப் பக்கம் குனிந்துகொண்டாள்.

தேரடி வீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நாவல்பழ நிறத்தில் பத்துக் கண்டு நூல் கிடைத்தது. இரண்டு பேரும் போய்த்தான் வாங்கினோம். தடிமனான நூல், தடிமனான ஊசி. ஊட்டிக்கு இருபது நாள் இருந்தது. அவள் காலையும் மாலையும் பஸ்ஸில் பின்னினாள், மதியம் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டுப் பின்னினாள். பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கயிறு வைத்திருந்தாள். முழ நீளம் இருக்கும். அதில் இரண்டு இடத்தில் முடிச்சு. நூல்கண்டைக் கட்டிவைக்கும் கயிறு என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை தைப் பௌர்ணமி. முந்தின நாளே தொடங்கிய கிரிவலக் கூட்டம் வெள்ளி மாலை ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பௌர்ணமி என்றால் அவளுடைய பஸ் ஊருக்குள் வராது. திண்டிவனம் ரோட்டில் தற்காலிகமாகப் போட்டிருக்கும் பஸ் நிலையம்வரை நடந்துபோய், அங்கே தொற்றிக்கொண்டு போகவேண்டும்.

கிளம்பும்போது பின்னல் பையை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது உங்க வீட்ல இருக்கட்டும். இந்தக் கூட்டத்துல கொண்டுபோனா ஊசி எவன் கண்ணுலயாவது குத்தி, அண்ணாமலையாரைப் பாக்க வந்தவன் ஆஸ்பத்திரியப் பாத்துட்டுப் போவான்."

"எவ்ளோ பாக்கி?"

"ஒரு சாண்கூட இல்ல. திங்கக்கிழமை மத்தியானம் முடிச்சு, தைச்சு எடுத்துட்டுப் போயிடுவேன். செவ்வாய்க்கிழமை அவ கிளம்பணும்." பிறகு போகிற போக்கில், "நீங்க வேணா அந்தக் கடைசி வரிசைங்கள முடிச்சு வைங்க, புண்ணியமாப் போவும்" என்றாள்.

கடைசி வரிசைகளைத்தான் கேட்டாள். இதை எழுதும்போது அந்தச் சொல்லை மறுபடியும் டைரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படித்தான் இருக்கிறது.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. சாப்பாடு முடிந்ததும் பையைப் பிரித்து இரண்டு துண்டுகளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். வலது துண்டு முடிந்திருந்தது. இடது துண்டு ஊசியில் இருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, இரண்டும் ஒரே அகலம் இல்லை. வலதில் எண்ணினேன், ஐம்பத்தாறு கண். இடதில் எண்ணினேன், அறுபத்து நான்கு. மூன்று முறை எண்ணினேன். முதல் வரிசையிலிருந்தே எட்டு அதிகம். இரண்டையும் தைத்து மாட்டினால் இடது பக்கம் நான்கு விரல் கீழே தொங்கும்.

பையிலேயே இருந்த படப் புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஐம்பத்தாறு என்றே போட்டிருந்தது.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவம், குலுங்குகிற பஸ்ஸில் எண்ணாமல் ஏற்றியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிள்ளை அத்தனை ஆசையாகக் கேட்டது. ஊட்டியில் தோழிகளுக்கு நடுவே ஒரு பக்கம் இறங்கித் தொங்கினால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை. இரண்டு வருடமாக என் இறுக்கத்தைக் கேலி செய்தவளுக்கு, எண்ணிப் பின்னுவதன் அருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு வந்ததென்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன அதையே முறைக்கிற?"

"எட்டுக் கண் ஜாஸ்தி. பிரிச்சுட்டுப் புதுசாப் போடணும்."

"அவங்களுதுதானே? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிரி."

"இதுல கேக்க என்ன இருக்கு? தப்பு தப்புதானே."

அவள் வீட்டில் போன் கிடையாது. ஆனால் எதிர்வீட்டு பி.பி. நம்பர் என் டைரியின் முதல் பக்கத்தில் இருந்தது. நான்தான் என் கையால் எழுதிவைத்திருந்தேன். போன் கூடத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆறு அடியில். எதிர்வீட்டுக்காரர் போய் அவளைக் கூப்பிட்டுவர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் செய்யவில்லை.

ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தேன். பின்னல் பிரிவது ஒரு விதத்தில் நன்றாக இருக்கும். ஒவ்வொரு கண்ணாகப் பட் பட்டென்று விட்டுக்கொண்டே ஓடும். அவள் பல நாள் பின்னியது முக்கால் மணி நேரத்தில் பிரிந்துவிட்டது. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. நாற்காலி முதுகில் சுற்றி, எடுத்து, இட்லிப் பானை ஆவியில் காட்டி நீவினேன். காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றினேன். உருண்டை அவிழாமலிருக்க, பையிலிருந்த அந்த வெள்ளைக் கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினேன். முடிச்சுகள் இடைஞ்சலாக இருந்தன. அவற்றை அவிழ்த்துவிட்டுக் கட்டினேன்.

பிறகு, அவள் பின்னிய வலது துண்டோடு ஒத்துப்போக, ஒரு எண் பெரிய ஊசியில் ஐம்பத்தாறு கண் ஏற்றினேன். ஒவ்வொரு வரிசையையும் எண்ணினேன். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு முடிந்தது. இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்து, நூல் முனைகளைப் பின்னலுக்குள்ளேயே செருகி, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாதபடி மறைத்தேன். மடித்துப் புதுக் கவரில் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டைரியின் கடைசி வரி: "திருப்தி."

திங்கட்கிழமை காலை கவரை அவள் மேசையில் வைத்தேன். அவள் எடுத்தாள். முகம் மலர்ந்தது. "தைச்சே முடிச்சிட்டீங்களாக்கா!" என்றாள். விரித்தாள். இடது பக்கத்தின்மேல் கையை வைத்துச் சாண் போட்டாள். வலது பக்கம் போட்டாள். மறுபடி இடது பக்கம் போட்டாள்.

"அக்கா, இது..."

"எட்டுக் கண் ஜாஸ்தி போட்டுட்டே. முதல் வரிசையிலேர்ந்தே. முழுக்கப் பிரிச்சு சரி பண்ணிட்டேன்."

எதிர் மேசைக்காரி எட்டிப் பார்த்து, "பாரு, கடையில வாங்கினா மாதிரி இருக்குது. அக்கா கை பட்டாலே தனி" என்றாள். சூப்பிரண்டென்ட்கூட நின்று பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மடித்துக் கவரில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க."

அன்று மதியம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. மகளை வழியனுப்ப லீவு போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தாள். சாப்பிட்டபின் குழாயடியில் இரண்டு பேரும் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தோம்.

"பொண்ணு போய்ச் சேந்துட்டாளா? போன் பண்ணாளா?" என்று கேட்டேன்.

"போகலக்கா."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

அவள் குழாயை மூடினாள். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அவளுக்கு இடது தோள் தூக்கலா இருக்கும்க்கா. பத்தாவது படிக்கறப்போலேர்ந்து. முதுகெலும்பு வளைஞ்சிருக்குது. வேலூர்ல காட்டினோம், இதுக்கு மேல ஜாஸ்தி ஆகாதுன்னாங்க. ஸ்வெட்டர் போட்டா ஒட்டிக்கிட்டு அப்படியே தெரியும். துப்பட்டா காத்துல நிக்காது. அதான் இது. அந்தப் பக்கம் தோள் தூக்கறதால கீழ ஓரமும் மேல ஏறிடும் இல்ல? எட்டுக் கண் சேத்தா சரியா சமமா வந்து நிக்குது. கயித்துல முடிச்சுப் போட்டு அளவெடுத்து, மூணு தடவை போட்டுப் பாத்தேன்."

நான் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்தக் கயிறு என் வீட்டில், மீந்த நூல் உருண்டையைச் சுற்றி, முடிச்சில்லாமல் இருந்தது.

"திங்கக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுப் பாத்தா. கண்ணாடி முன்னாடி நின்னா. ஒரு பக்கம் ஏறிக்கிட்டு நிக்குது, எங்க தூக்கலா இருக்குதுன்னு கை நீட்டிக் காட்டறா மாதிரி. கழட்டி மடிச்சு வச்சிட்டு, 'நான் போகலம்மா'ன்னா. கொஞ்சமாவது பிரிச்சு எதாவது பண்ணலாம்னு பாத்தேன். முனை எங்க இருக்குதுன்னே கண்டுபிடிக்க முடியலக்கா. அவ்ளோ நல்லா மறைச்சிருந்தீங்க."

"திங்கக்கிழமை காலையிலேயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? ராவோட ராவா..."

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்களே. நாளைக்கு அவளைக் கட்டிக்குடுக்கணும். ஆபீஸ்ல ஒரு வாய்க்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சா மாதிரி."

"எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது? பன்னெண்டு வருஷம்..."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. எதிர்ல நிக்கறவங்க செருப்பு வார் மாத்தினாக்கூட கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. அவ எத்தினி தடவை வந்து உங்க எதிர்ல நின்னிருக்கா. தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருக்கீங்களேன்னு, மனசுக்குள்ள உங்கள எங்கியோ வச்சிருந்தேன்."

அன்று வீட்டுக்கு வந்து மூன்று வருட டைரிகளைப் புரட்டினேன். அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்த நாளெல்லாம் இருக்கிறது. பச்சைச் சுடிதார். புதுக் கம்மல். பரீட்சை. இருமல். சாக்லேட் கொடுத்தேன். பையை இடது தோளில் மாட்டியிருந்தாள் என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். தோளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அடுத்த மாதம் அதே கடைக்குப் போய் அதே நிறத்தில் நூல் வாங்கினேன். வலது துண்டுக்கு ஐம்பத்தாறு, இடது துண்டுக்கு அறுபத்து நான்கு. என் கை இறுக்கம் என்பதால் ஒரு எண் பெரிய ஊசி போட்டேன். எண்ணாமல் பின்னிப் பார்க்கவும் முயன்றேன், முடியவில்லை. அந்தப் பெண்ணை நிற்கவைத்து அளவெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. ஏப்ரலில் முடித்து, யாரும் இல்லாத நேரத்தில் டைப்பிஸ்ட்டிடம் நீட்டினேன்.

தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குதுக்கா" என்றாள். "ஆனா வேணாம். அவ அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. இதக் கொண்டுபோய் நீட்டினா, ஆபீஸ்ல சொல்லிட்டியாம்மான்னு கேப்பா."

எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. ரசத்தில் பாதியை எனக்குத் தந்துகொண்டுதான் இருந்தாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பின்னவில்லை. மதியத்தில் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வாள். 2006-ல் ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்துப் போனாள். போகிற அன்று தன் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தப் படப் புத்தகம் அடியில் இருந்தது. என்னிடம் தந்தாள். போன்சோ பக்கத்தில் பஸ் டிக்கெட் அப்படியே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை, பஸ் நிலையத்தில் "ஆன்ட்டி!" என்று ஒரு குரல். டைப்பிஸ்ட்டின் மகள்தான். புடவை கட்டியிருந்தாள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பேச்சைக் கேட்பதில்லை என்று குறைபட்டாள்.

"இன்னும் பின்றீங்களா ஆன்ட்டி?"

"எப்பவாவது" என்றேன்.

அப்போது என் கண் அவளுடைய இடது தோளுக்குப் போனது. ஒரு நொடிதான் இருக்கும், உடனே இழுத்துக்கொண்டேன். அவள் பை வலது தோளில் இருந்தது. பேசிக்கொண்டே, சிரிப்பு மாறாமல், அதை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டாள்.

உனக்காகப் பின்னியது ஒன்று வீட்டில் இருக்கிறது என்ற வாக்கியம் என் வாயில் இருந்தது. நான்தான் கெடுத்தேன், மன்னித்துக்கொள் என்பதும் இருந்தது. அவளிடம் நான் அதுவரை அதைச் சொன்னதே இல்லை. திண்டிவனம் பஸ் வந்து நின்றது. "வரேன் ஆன்ட்டி" என்று ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து, அங்கிருந்து கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அன்றைய டைரியில் "கீழ்பென்னாத்தூர் பெண்ணைப் பார்த்தேன். நலம்." என்று நான்கே சொற்கள் இருக்கின்றன. பை தோள் மாறியதை எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை அலமாரியிலிருந்து போன்சோவை எடுத்தேன். நான்கு வருடம் ஆகியும் பூச்சி அரிக்கவில்லை. எண்ணினேன், அறுபத்து நான்கு சரியாக இருந்தது. தலை வழியாக மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். இடது பக்கம் நான்கு விரல் கீழே தொங்கியது. என் இடது தோளை மெதுவாக உயர்த்தினேன். ஓரம் ஏறி ஏறி வந்து வலது பக்கத்தோடு சமமாக நின்றது. அப்படியே நின்று பார்த்தேன். கழுத்து நரம்பு இழுத்தது, முதுகு வலித்தது, தோள் தானாக இறங்கிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி.